பொன்னையனுக்குக் கொடுத்த குளிகை

பாறசாலை
7-3-1976

அன்புத் தம்பி சுந்தரன் அறிய, அண்ணன் சத்தியதாஸ் எழுதுவது.

இங்கே நானும் உன் மைனி சுகிர்தபாயும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையால் சுகம். துபாய்ச் சூட்டில் உனக்கு உடம்பு எப்படி? வெல்டிங்குக்கு நிற்கும்போது கறுப்புக் கண்ணாடி போடு. சோம்பல் பார்த்தால் கண் போகும்.

என் நெஞ்சு நல்லா உண்டு. முன்னே கொப்பரைக் கடையிலிருந்து சந்தைக்குப் போவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்று இடத்தில் நிற்பேன். கடைக்குக் கடை விலை விசாரிக்கிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். இப்போது அந்தக் குளிகையை இரண்டு நேரமும் தின்று ஒரே நடையில் போய் வாறேன். நாடி அறுபது. டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, "உமக்கு உழவு மாட்டு நிதானம் வந்தாச்சு" என்கிறார்.

இனி காரியம். ரயில் பாதை ஓரம் அறுபத்திரண்டு சென்டு வாங்கினேன் அல்லவா, கொப்பரைக் களம் போட? அதற்கு நட்ட நடுவில் குஞ்சம்மாவின் குடில் நிற்கிறது. முன்னே நிலம் வைத்திருந்த ஜன்மியின் காலத்திலேயே குடியிருக்கிறவள். குடிகிடப்புச் சட்டப்படி பத்து சென்டு அவள் பேருக்குப் பதித்துத் தரவேண்டும் என்று நெய்யாற்றின்கரை நில டிரைபூனலில் மனு போட்டிருக்கிறாள். சட்டம் அவள் பக்கம். நம்ம அப்பா குத்தகைப் பாட்டத்துக்கு வைத்திருந்த நிலமும் இதே சட்டத்தால்தான் நமக்கு வந்தது. அதை எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். ஆனால் நடுவில் பத்து சென்டு போனால் மிச்சம் இரண்டு துண்டு. துண்டு நிலத்தில் களம் போட முடியாது.

அவள் மகன் பொன்னையன் உன்னோடு படித்தவன். போன வருஷம் பம்பாய் போய் வெல்டிங் டெஸ்டில் கை நடுங்கித் தோற்றான். மெடிக்கலிலும் நெஞ்சு குதிரை மாதிரி ஓடியதாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் கம்பெனியில் அவனைச் சேர்க்க வழி உண்டா? அவன் விமானம் ஏறினால் மனுவைத் திரும்ப வாங்கலாம் என்று குஞ்சம்மா பாதி சம்மதித்திருக்கிறாள். ஆரியங்கோட்டு மேட்டில் எனக்குள்ள நிலத்தில் ஐந்து சென்டு அவளுக்குக் கொடுப்பேன். எல்லோருக்கும் கொள்ளாவுன்ன, நல்லதான ஏற்பாடு.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

அண்ணன்,
சத்தியதாஸ்


துபாய்
2-4-1976

மதிப்புள்ள அண்ணனுக்கு சுந்தரன் எழுதுவது.

சுகமாக இருக்கிறேன். நீங்கள் நிற்காமல் நடக்கிறீர்கள் என்று வாசித்ததும் மனசு குளிர்ந்தது. மைனியின் மூட்டுவலி எப்படி உண்டு?

பொன்னையன் காரியம் எனக்கு இரட்டைச் சந்தோஷம். என் கம்பெனி ஜூலை எட்டாம் தேதி பம்பாயில் இருபது வெல்டர்களை எடுக்கிறது. அவன் பேரை ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டேன். அன்றே டெஸ்ட், அன்றே மெடிக்கல்.

வேலை தெரிந்தவன்தான். ஆனால் யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் கை நடுங்கும். எனக்கும் அப்படித்தானே. ரெண்டு தடவை தோற்றேன். மூன்றாம் தடவை உங்கள் நெஞ்சுக் குளிகையில் ஒன்றைத் தின்றுவிட்டுப் போனேன். கை கல்லு மாதிரி நின்றது. நாடி பார்த்த டாக்டர் "நீ ஓட்டக்காரனா?" என்று கேட்டார். அவனுக்கும் அதைக் கொடுங்கள் அண்ணா. இந்த வாய்ப்பும் போனால் அவனுக்கு வயசு கடந்துவிடும், இனி யாரும் எடுக்கமாட்டார்கள்.

ஒன்று கேட்கவேண்டும். எனக்கு ஒத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளுமா? உங்கள் டாக்டர் எதையாவது விலக்கிச் சொல்லியிருக்கிறாரா? அதை மறக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று. குஞ்சம்மா மாமி மனசறிந்துதான் சம்மதிக்கிறாளா? பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கும் கப்பைக் கிழங்கு அவித்துத் தந்தவளாக்கும். நீங்கள் மூத்தவர், இதற்குமேல் நான் சொல்லவில்லை.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
சுந்தரன்


பாறசாலை
30-4-1976

அன்புத் தம்பிக்கு,

இங்கே யாவரும் சுகம். மைனிக்கு மூட்டுவலி குறைவு; வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

நீ எழுதியது நல்ல யோசனை. எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் வருத்தம். பொன்னையனைக் கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். எலே, ஒரு குளிகையால் கை நிற்கும் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், சுந்தரன் கடிதத்தை வாசி என்று உன் கடிதத்தையே கையில் கொடுத்தேன். நின்ற நிலையில் வாசித்தான். இருபத்தெட்டு வயசுக்காரன், முகம் பத்து வயசுப் பையன் மாதிரி ஆகிவிட்டது.

நாற்பது குளிகை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரன் என் சீட்டைப் பார்த்துத்தான் தந்தான். டெஸ்டுக்கு முன்னே பத்துப் பதினைந்து நாள் தின்று பழகட்டும். டெஸ்ட் அன்றைக்குத்தான் முதல்முறை கை நடுங்காமல் நின்றால், அந்தப் புதுசாலும் வேலை கெடும்.

குஞ்சம்மா காகிதத்தில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டாள். மனசறிந்தா என்று கேட்டாய். மகன் அக்கரை போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான் அந்த ஆசைக்கு வழி காட்டினேன். பேச்சு இதுதான்: அவன் விமானம் ஏறினபிறகே குடிலைப் பிரிப்பது. மனுவை இப்போதே திரும்ப வாங்கியாச்சு. டிரைபூனல் குமாஸ்தா சீல் குத்தித் தந்த காகிதம் என் பெட்டியில் உண்டு.

குளிகையைப் பற்றிப் பயப்படாதே. இரண்டு வருஷமாக நான் தின்கிறேன், நீ தின்றாய். நாட்டில் எத்தனையோ ஆயிரம் பேர் தின்கிறார்கள். நெஞ்சு ஓட்டத்தை மட்டுப்படுத்தும், ரத்த அழுத்தத்தை இறக்கும், கை நடுக்கத்தை நிறுத்தும். இது மூன்றும்தானே அவனுக்கு வேண்டியது.

நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே தண்ணீர் காய்ச்சிக் குடி.

அண்ணன்,
சத்தியதாஸ்


பம்பாய்
24-6-1976

பெரிய மனசுள்ள முதலாளிக்கு பொன்னையன் எழுதுவது.

உங்களுக்கும் வீட்டில் எல்லாருக்கும் சுகந்தானே. நான் வந்து சேர்ந்து ஒன்பது நாளு ஆச்சு. இஞ்ச ஒரே மழை. பதினாலு பேரு ஒரு முறியில கிடக்குதோம். எல்லாம் நம்ம பக்கத்து ஆளுவதான், பூவாறு, திருப்புறம் எண்ணு. பூவாறு கிரகோரி எண்ணு ஒருத்தன் எனக்கப் பாய்க்குப் பக்கத்துப் பாய். கப்பல் வேலைக்குக் காத்துக் கிடக்குதான். ராத்திரி மீன்குழம்பு வச்சு எல்லாருக்கும் தருவான், பொறவு உப்பு கூடிப்போச்சு எண்ணு அவனே திட்டுவான்.

முதலாளி, குளிகை அற்புதமாக்கும். வந்த அன்னையில இருந்து தின்னுதேன். ஒரு பட்டறையில போய் வெல்டிங் பண்ணிப் பாத்தேன். பட்டறைக்காரன், மேஸ்திரி, நாலு பேரு சுத்தி நிண்ணு பாக்குதாங்க. கை அசையல்ல. சுந்தரன் எழுதினது சத்தியம்.

ஒரு காரியம் கேக்கணும். நாலு நாளா நெஞ்சுக்குள்ள கயிறு கெட்டி இறுக்கின மாதிரி இருக்கு. படுத்தா மூச்சு சீட்டி அடிக்குது. இருந்துகிட்டேதான் உறங்குதேன். மழைத்தண்ணியில நனைஞ்ச சளியா, இல்ல குளிகையாலயா எண்ணு தெரியல்ல. உங்க டாக்டரிட்ட ஒரு வாக்கு கேட்டு எழுதணும். குளிகையாலதான் எண்ணா நான் நிறுத்தீட்டு வெறுங்கையோட டெஸ்டுக்குப் போறேன். வாறது வரட்டு. ஒண்ணும் இல்ல எண்ணா, எட்டாம் தேதி காலம்பெற ரெண்டு தின்னலாமா எண்ணும் கேட்டு எழுதணும்.

அம்மைய ஒண்ணு பாத்துக்கிடணும். எனக்கு இருமல் எண்ணு சொல்ல வேண்டாம்.

உங்க சுகத்துக்கும் நெஞ்சுக்கும் ஜெபிக்குதேன்.

பொன்னையன்


பாறசாலை
30-6-1976

பொன்னையன் அறிய,

சுகம். உன் சுகம் கண்டு சந்தோஷம்.

பம்பாய் மழை யாருக்கும் அப்படித்தான். பதினாலு பேர் ஒரு முறியில் கிடந்தால் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? சுக்குக் காப்பி குடி, தலையில் ஈரம் வைக்காதே. இந்தக் குளிகை விஷயத்தில் டாக்டர் எனக்கு ஒன்றும் விலக்கியதில்லை. எட்டாம் தேதி காலையில் இரண்டு தின்னலாம், வெறும் வயிற்றில் வேண்டாம்.

உன் அம்மையை ஆரியங்கோட்டுக்கு மாற்றியாச்சு. அங்கே காற்றோட்டம் உண்டு. குடிலைப் பிரித்துக் கல்லும் மணலும் இறக்கிவிட்டேன். லாரிக்காரன் பிறகு வரமாட்டேன் என்றான்.

தைரியமாகப் போ. துபாயிலிருந்து கடிதம் எழுது.

சத்தியதாஸ்


பம்பாய்
12-7-1976

பாறசாலை கொப்பரைக்கடை சத்தியதாஸ் முதலாளிக்கு, பூவாறு கிரகோரி எழுதுவது. மாதா உங்களைக் காக்கட்டும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. பொன்னையனுக்குப் பக்கத்துப் பாய்க்காரன். அவன் உயிரோடு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் தேதி காலையில் ஆறு மணிக்கு ரெண்டு ரொட்டியும் ரெண்டு குளிகையும் தின்றான். "என்னடா இது, சாப்பாட்டுக்குச் சமமா மருந்தா?" என்று நான் பரிகாசம் பண்ணினேன். ஏழரைக்குப் பஸ்ஸுக்கு நடக்கும்போது நின்றான். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மூச்சு உள்ளே போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கடலில் முங்கிப்போனவனை நான் கரையில் இழுத்துப் போட்டதுண்டு. அவனுக்கு இருக்கிற அதே கண் இவனுக்கு. உதடு நீலம்.

கைவண்டிக்காரன் ஒருத்தனை மிரட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முதல் ஊசிக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வேறு ஊசி, வாயில் ஆக்ஸிஜன். மத்தியானம் மூணு மணிக்குத்தான் "கிரகோரி" என்றான். டாக்டர் அவன் பையில் இருந்த குளிகையை எடுத்துப் பார்த்துக் கத்தின கத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. மூச்சு இழுப்பு உள்ளவனுக்கு இது ஆகாது, உனக்கு யார் தந்தது என்று கேட்டார். கடையில் நானே வாங்கினேன் என்று சொல்லிவிட்டான்.

சின்ன வயசில் இழுப்பு உண்டாம். அம்மையும் மகனும் யாரிடமும் சொல்லவில்லையாம். மெடிக்கல்காரன் காதில் விழுந்தால் வேலை கிட்டாது என்று பயம்.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு முறிக்கு வந்தபோது அவன் தலையணைக்குக் கீழே உங்கள் கடிதம் இருந்தது. வாசித்தேன், மன்னிக்கணும். போலீசோ மற்றோ வந்தால் யார் கண்ணிலும் படவேண்டாம் என்று எடுத்து வைத்தேன். அதை இத்துடன் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன்.

டெஸ்ட் முடிந்துபோச்சு. இருபது பேரையும் எடுத்தாச்சு. நடக்க ஆனதும் நானே ஊருக்குக் கொண்டுவருகிறேன். அவன் அம்மையிடம் நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் உடல் நலத்துக்கு வேண்டுகிறேன்.

கிரகோரி


துபாய்
25-8-1976

மதிப்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகந்தானே? ஏழு வாரமாக உங்கள் கடிதம் இல்லை. வந்த வெல்டர்களில் பொன்னையன் இல்லை. டெஸ்டுக்கே வரவில்லை என்று ஃபோர்மேன் சொல்கிறான். அவனுக்கு நான் எழுதிய கடிதம் ஆளில்லை என்று திரும்பி வந்துவிட்டது. கடை விஷயம், கொப்பரை விலை ஒன்றும் எழுத வேண்டாம். அவன் எங்கே உண்டு என்று ஒரு வரி எழுதுங்கள்.

சுந்தரன்


பாறசாலை
9-9-1976

அன்பான தம்பிக்கு சுகிர்தபாய் மைனி எழுதுதேன். உனக்கு சுகந்தானே மக்கா.

அண்ணன் இப்ப எழுந்து நடக்குதாரு. பதறாத. நடந்தத வரிசையாச் சொல்லுதேன். உனக்கு எழுதப்பிடாது எண்ணு என்னைச் சத்தியம் பண்ணச் சொன்னாரு. நான் பண்ணல்ல, அதனால எழுதலாம்.

ஜூலை கடைசியில பம்பாயில இருந்து ஒரு கவர் வந்துது. கடையில வச்சு வாசிச்சாரு. வீட்டுக்கு வந்து அவருக்க நெஞ்சுக் குளிகைய அப்படியே எடுத்து அடுப்பில போட்டாரு. "என்ன செய்யிதிய?" எண்ணு கேட்டேன். "விஷமாக்கும்" எண்ணாரு. "ரெண்டு வருஷமா தின்ன விஷமா?" எண்ணேன். என்ன கடிதம் எண்ணு கேட்டதுக்கு வியாபாரக் கடிதம் எண்ணாரு.

நாலாம் நாளு கடையில கொப்பரை நிறுத்துகிட்டு நிண்ணவரு தராசுத் தட்டைப் பிடிச்சுகிட்டு இருந்துட்டாரு. சட்டை பிழிஞ்சா தண்ணி. நெஞ்சில பாறாங்கல்ல வச்ச மாதிரி எண்ணாரு. டாக்ஸி பிடிச்சு திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரியில சேத்தோம். சின்ன அட்டாக் எண்ணு சொன்னாங்க. பதினாறு நாளு கிடந்தாரு.

அவருக்க டாக்டர் வந்து நாடி பாத்தாரு. நூத்திப் பதினாறு. "குளிகை தின்னீரா?" "நிறுத்திட்டேன்." "யாரைக் கேட்டு?" டாக்டருக்கு அப்படி ஒரு கோபம் நான் கண்டதில்ல. இந்தக் குளிகைய நிறுத்தணும் எண்ணா ரெண்டு வாரமா படி இறங்குத மாதிரி கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணுமாம். மாடியில இருந்து சாடினா கால் முறியாதா எண்ணு கேட்டாரு. மறுபடியும் அதே குளிகையத்தான் கொடுத்திருக்கு. வாய் திறந்து வாங்கித் தின்னுதாரு, அழுத பிள்ளை மாதிரி.

பொன்னையன் வந்தாச்சு மக்கா. ஒரு பூவாறுக்காரன் தாங்கிக் கொண்டு வந்தான். பம்பாயில வச்சு மூச்சு நிண்ணு பிழைச்சானாம். ஆரியங்கோட்டு மேட்டில அம்மைக்க கூட இருக்கான். அங்க ரப்பர் மரத்து மூட்டில எப்பவும் ஈரம், இழுப்புக்கு ஆகாத இடம்.

குஞ்சம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தா. ஒரு பப்பாளிப் பழம் கொண்டு வந்தா. "முதலாளிக்கு எப்படி உண்டு?" எண்ணு மட்டும் கேட்டா. உன் அண்ணன் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தாரு. அவ போனபொறவு அந்தப் பழத்தை வெட்ட விடல்ல. கெட்டுப்போய்த்தான் கொண்டு களைஞ்சேன்.

எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. நீ கேளு. உனக்கு மறைக்கமாட்டாரு.

உடம்பைப் பாத்துக்க.

மைனி


துபாய்
3-10-1976

மதிப்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் நெஞ்சுவலி இனி வராமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். மைனியைத் திட்டாதீர்கள். குளிகையை நேரத்துக்குத் தின்னுங்கள்.

ஏப்ரல் மாதம் ஒரு கேள்வி எழுதினேன். டாக்டர் எதையாவது விலக்கிச் சொன்னாரா என்று. நீங்கள் ஒரு பக்கம் நிறைய பதில் எழுதினீர்கள், அந்தப் பதிலில் அதற்கு மட்டும் பதில் இல்லை. அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது அந்தக் கடிதத்தை எடுத்து வாசித்தேன்.

குளிகை கொடுக்கச் சொன்னது நான். எனக்கு உறக்கம் இல்லை. வெளிப்படையாகப் பேசுகிறவர் என்று ஊரில் உங்களுக்குப் பேர். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் இனி நானும் எழுதமாட்டேன்.

சுந்தரன்


பாறசாலை
2-11-1976

அன்புத் தம்பிக்கு,

நடக்கிறேன், தின்கிறேன், உறங்குகிறேன். நாடி அறுபத்து நாலு. உன் சுகம் நீ எழுதவில்லை. நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னே இந்தக் குளிகையை எழுதும்முன் டாக்டர் என்னிடம் மூன்று காரியம் கேட்டார். இழுப்பு உண்டா? சர்க்கரைக்கு ஊசி போடுகிறீரா? எப்போதாவது நாடி குறைந்து தலை சுற்றி விழுந்ததுண்டா? மூன்றுக்கும் இல்லை என்றேன். "இழுப்பு உண்டென்றால் இதைத் தொடவே கூடாது" என்றார். இது ஒன்றும் நான் மறந்து போகவில்லை. பொன்னையனுக்கு நாற்பது குளிகையை எண்ணிக் கொடுக்கும்போது டாக்டர் பேசியது அப்படியே காதில் கேட்டது.

உனக்குக் குளிகை தந்த நாளில் அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். உனக்கு இழுப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். பொன்னையனுக்கு? நம்ம பழைய வீட்டு முற்றத்தில் நல்லமிளகு உதிர்க்கிற நாளில், தூசி பட்டு அவன் அயனி மரத்தடியில் முழங்காலில் கையூன்றி இருந்து மூச்சு இழுத்ததை நான் கண்டதுண்டு. அவனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயசிருக்கும். நீயும் கண்டிருப்பாய், ஆனால் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

வியாபாரத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சரக்கு கொண்டு வருகிறவனிடம் கொப்பரையில் ஈரம் உண்டா என்று சிலநேரம் கேட்கமாட்டேன். கேட்டால் உண்டென்று சொல்லிவிடுவான், பிறகு நான் வாங்கக்கூடாது. கேட்காமல் வாங்கி அடுத்தவனுக்கு விற்றால், எனக்குத் தெரியாது என்று சத்தியம் பண்ணலாம். அப்படித்தான் பொன்னையனையும் கேட்காமல் விட்டேன். உண்டென்று சொன்னால் அவன் போகமாட்டான். அவன் போகாவிட்டால் குடில் போகாது.

பம்பாயிலிருந்து அவன் மூச்சு முட்டுகிறது என்று எழுதினான். டாக்டரிடம் கேள் என்று எழுதினான். நான் டாக்டரிடம் போகவில்லை. போனால் என்ன சொல்வார் என்று தெரியும். நான் எழுதிய பதிலை, அவனைத் தாங்கிக் கொண்டுவந்த பூவாறு கிரகோரி எனக்கே திருப்பி அனுப்பினான். இத்துடன் வைத்திருக்கிறேன், வாசி. அதில் ஒரு பொய்யும் இல்லை. அப்படி எழுத எனக்கு ஒரு மணிக்கூறு பிடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. எனக்கு விளங்கும்படி சொன்னார். பயமோ கோபமோ வந்தால் உடம்பில் ஒரு மேஸ்திரி எழும்பி நெஞ்சை ஓடு ஓடு என்று விரட்டுவானாம். இந்தக் குளிகை அவன் வாயைப் பொத்தும், நெஞ்சுக்கு இளைப்பாறல். ஆனால் மூச்சுக் குழாய் அடையாமல் திறந்து வைத்திருக்கிறவனும் அதே மேஸ்திரிதான். இழுப்புக்காரனுக்கு அவன் வாயைப் பொத்தினால் குழாய் இறுகிவிடும். என்னை மாதிரி நாள்பட்டுத் தின்றவன் சட்டென்று நிறுத்தினால், பொத்தின வாய் திறந்து முன்னைவிட உரக்க விரட்டுவான். "மருந்து நல்ல மருந்து சத்தியதாஸ். ஆள் பார்த்துத் தருவதற்குத்தான் நாங்கள் கேள்வி கேட்கிறோம்" என்றார்.

போன திங்கட்கிழமை நெய்யாற்றின்கரை போய், குஞ்சம்மாவின் மனுவை ஆசை காட்டித் திரும்ப வாங்கவைத்தது நான்தான், பேச்சை மீறி அவன் போகும்முன்னே குடிலைப் பிரித்ததும் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா மூன்று தரம் வாசித்தான். "முதலாளி, இதை வக்கீல் கண்டாரா?" என்று கேட்டான். "கண்டால் விடமாட்டார்" என்றேன். மனு மறுபடி பதிவாகும். அதுவரை காத்திராமல், அதே இடத்தில் பத்து சென்டு அளந்து கல் நட ஆள் விட்டிருக்கிறேன்.

ஆனால் பொன்னையன் முகத்தைப் பார்க்க இன்னும் போகவில்லை. ஆரியங்கோட்டு மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக எல்லோரிடமும் சொல்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உனக்கு எழுதிய இதே காரியங்களை அவனுக்கும் எழுதித் தபாலில் போட்டேன்.

இனி நீ எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். உடம்பைக் கவனி.

அண்ணன்,
சத்தியதாஸ்


ஆரியங்கோடு
29-11-1976

சத்தியதாஸ் அண்ணனுக்கு பொன்னையன் எழுதுவது.

உங்க நெஞ்சு எப்படி உண்டு? எனக்கு பகலில பரவாயில்ல. விடியக்காலம் மட்டும் கொஞ்சம் இழுக்கும். அம்மைக்கு சுகம்.

கடிதம் கிட்டிச்சு. அம்மைக்கு வாசிச்சுக் காட்டினேன். முடிஞ்சதும் ரெண்டாமதும் வாசிக்கச் சொன்னா. பொறவு எழும்பி ஆட்டுக்குக் குழை வெட்டப் போனா.

இழுப்பு உண்டு எண்ணு நான் மறைச்சேன். நீங்க கேட்டிருந்தாலும் இல்ல எண்ணுதான் சொல்லியிருப்பேன். போகணும் எண்ணு அப்படி ஒரு வெறி. கேட்டா நான் உண்மை சொல்லியிருப்பேன் எண்ணு நினைச்சு நீங்க உறங்காமக் கிடக்க வேண்டாம். அது எனக்க பொய்யி. ஆனா நீங்க கேக்கல்ல. அதை நான் சுமக்கமாட்டேன்.

சுந்தரனுக்க கடிதமும் வந்துது. துபாயில கடைவேலை, குளிர்காத்தும் தூசியும் இல்லாத இடம், பாக்கட்டா எண்ணு கேட்டிருக்கான். இப்ப வேண்டாம் எண்ணு எழுதினேன். மூச்சு நேராவட்டு.

முதலாளி குஞ்சம்மாவுக்குப் பத்து சென்டு தானம் கொடுத்தாரு எண்ணு சர்ச்சில பேச்சாம். அப்படிப் பேசுதவங்களிட்ட அது தானம் இல்ல எண்ணு நீங்களே சொல்லணும். மனு அம்மைக்க மனு.

நேத்து பாறசாலைக்கு பஸ்ஸில வந்து இறங்கி, குடில் நிண்ண இடத்தைக் கயிறு பிடிச்சு அளந்து பாத்தேன். கிழக்கு வரிசையில நட்ட ரெண்டு கல்லும் உள்ள தள்ளி நிக்குது. ஒன்பதே கால் சென்டுதான் உண்டு. வேணும் எண்ணு செய்ததா, உங்க ஆளுக்குக் கயிறு பிடிக்கத் தெரியாததா எண்ணு நான் கேக்கல்ல. வியாழக்கிழமை காலம்பெற எட்டு மணிக்கு நான் அந்த இடத்தில நிப்பேன். கல்லைப் பிடுங்கி மாத்தி நடணும். ஆளை அனுப்ப வேண்டாம், நீங்க வரணும். கயிறுக்க மறுதலை நீங்க பிடிக்கணும்.

வெயிலுக்கு முன்ன, குளிகை தின்னுட்டு, மெதுவா நடந்து வாங்க.

பொன்னையன்